ஒரு மணி முதல் இரண்டு மணி வரை

அத்தியாயம் 6

“இந்த டைரி நிஜமானதுன்னு ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அது போதும்,” என்றார் வக்கீல்.

இத்தனை சின்ன உதவியை இத்தனை பெரிய புன்னகையோடு கேட்கிறவர்களைக் குண்டு நம்புவதில்லை. பதினோரு வருஷம் கோர்ட்டு வராந்தாவில் டைப்ரைட்டரோடு உட்கார்ந்திருந்தவன் அவன். ஒரு வரிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒன்பது வருஷம் அலைந்தவர்களை எல்லாம் பார்த்திருக்கிறான்.

அவனுடைய முழுப் பட்டப்பெயர் தூக்குக்குண்டு. சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கக் கொத்தனார் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவாரே, அந்த இரும்புக் குண்டு. அவனுடைய முதலாளியம்மா இருபது வருஷம் கட்டட இன்ஜினீயராக இருந்துவிட்டு, கட்டட வழக்குகளில் துப்புத் துலக்க வந்தவர். எது எங்கே கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது என்பதால் அவருக்கு ரசமட்டம் என்று பேர் விழுந்தது. ரசமட்டத்தோடு போகிறவன் தூக்குக்குண்டு ஆனான். அவன் உடம்பு வாகும் அதற்கு நன்றாக ஒத்துழைத்தது.

ரசமட்டம் டைரியை இன்னும் மூடவில்லை. மூன்றாம் தேதிப் பக்கத்தையே இரண்டாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். ஒரு பல் டாக்டர் மூன்று மாடியில் மருத்துவமனை கட்டினார். மூன்றாம் மாடிக் கூரைக்குக் கான்கிரீட் போட்டு, பதினேழாம் தேதி கீழே தாங்கி நின்ற முட்டுக்கால்களைப் பிரித்தார்கள். அன்றைக்கே கூரை இறங்கிவிட்டது. முட்டைப் பிரித்த சென்ட்ரிங் மேஸ்திரி இடுப்பும் காலும் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். கான்கிரீட் போட்டால் பதினாலு நாளாவது முட்டு நிற்க வேண்டும் என்பது ஒப்பந்தம். கூரை போட்டது மூன்றாம் தேதி, ஆகவே பதினாலு நாள் சரியாக இருக்கிறது, மேஸ்திரிதான் முறை தெரியாமல் முட்டைத் தட்டிக் கவிழ்த்துவிட்டார் என்பது காண்ட்ராக்டர் கட்சி. தினப்படி வேலையை எழுதி வைத்த இந்த டைரிதான் அவருக்கு ஆதாரம். போலீசிலும் மேஸ்திரி மேல் புகார் கொடுத்திருந்தார். இல்லை, போட்டது பத்தாம் தேதி, ஏழே நாளில் பிரிக்கச் சொன்னார் என்கிறார் மேஸ்திரி. படுக்கையில் கிடக்கிறவர் பேச்சு படுக்கையோடு நின்றுவிட்டது. காண்ட்ராக்டர் மேல் வழக்குப் போட்ட டாக்டரும் அதையே சொல்கிறார், ஆனால் அந்த மாதம் முழுக்க அவர் வெளியூரில் இருந்தார். நாளைக் காலை பத்து மணிக்கு நடுவர் முன்னால் விசாரணை. டைரி செல்லுபடியானால் மேஸ்திரிக்கு நஷ்ட ஈடும் கிடையாது, நடக்க முடிகிற அன்றைக்கு நேரே ஜெயில்.

“எதிர்க்கட்சி இந்த டைரி ஜோடனைன்னு சொல்றாங்க,” என்றார் வக்கீல். “நீங்க நிஜம்னு சொல்லிட்டா நடுவர் மறுபேச்சு பேச மாட்டார். உங்க பேர் அப்படி.”

“எழுதினது யாரு?”

“காண்ட்ராக்டரே. தினம் தன் கைப்படவே எழுதியிருக்கார். பாருங்களேன், ஆள் எண்ணிக்கை, வானிலை, வேலை ஆரம்பிச்ச நேரம், இடைவேளை, எல்லாம் இருக்கு. இப்படி ஒரு கட்சிக்காரர் கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்.”

“ரொம்ப ஒழுங்கா இருக்கு,” என்றார் ரசமட்டம். பாராட்டுகிற குரல் இல்லை அது. “மத்தியானம் வந்து சொல்றேன்.”

வெளி அறையில் மின்விசிறி ஓடவில்லை. குமாஸ்தாவின் மேஜையோரம் மஞ்சள் அட்டை போட்ட சின்னப் புத்தகங்கள் அடுக்காக இருந்தன. வருகிறவர்களுக்கு எல்லாம் ஒன்று இலவசம். குண்டு ஒன்றை எடுத்து விசிறிக்கொண்டே படியிறங்கினான்.

ஆட்டோவில் ஏறியதும் கேட்டான். “மேடம், அந்தப் பக்கத்துல அப்படி என்ன பார்த்தீங்க?”

“சாப்பாடு.”

“எனக்கும் பக்கத்துக்குப் பக்கம் அதுதான் தெரியும். அது என் வியாதி. உங்களுக்கு எப்பலேர்ந்து?”

“நாம சைட்டுக்குப் போய் அவங்க எத்தனை மணிக்குச் சாப்பிடுறாங்கன்னு பார்க்கப் போறோம்.”

“இந்தத் தொழில்ல சேர்ந்ததுக்கு இன்னைக்குத்தான் ஒரு உருப்படியான வேலை சொல்லியிருக்கீங்க,” என்றான் குண்டு.

இடிந்த மாடி மேலே வாய் பிளந்து நின்றது. கம்பிகள் வெளியே தொங்கின. கீழ்த்தளத்தில் மட்டும் பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. இவர்கள் உள்ளே நுழைந்ததும் இரண்டு கொத்தனார்கள் பேச்சை நிறுத்தினார்கள். சாந்து கலக்கிக்கொண்டிருந்தவர் கலக்குவதை நிறுத்தாமலே இவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கூரை போட்டது என்றைக்கு என்று குண்டு கேட்டதற்கு ஒருவர் ஞாபகமில்லை என்றார், இன்னொருவர் அன்றைக்கு லீவு என்றார், மூன்றாமவர் பதிலே சொல்லாமல் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

“மொத்த சைட்டும் ஒரே நாள்ல லீவு போட்டிருக்கு மேடம். கூரை தானா முளைச்சிருக்கும்.”

“சம்பளம் குடுக்கிறவரோட கூரை,” என்றார் ரசமட்டம். “அவங்களைக் குத்தம் சொல்லாதே.”

யாரோ ஒரு கம்பித் துண்டைத் தகரத்தில் அடித்தார்கள். அத்தனை பேரும் கரண்டியைப் போட்டுவிட்டுத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனார்கள். தூக்குச் சட்டிகள் திறந்தன. குண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பன்னிரண்டு அடித்து ஒரு நிமிஷம்.

“இவ்வளவு சீக்கிரமாவா?”

“ஏழு மணிக்கு மண்வெட்டி பிடிக்கிறவனுக்கு ஒரு மணி வரைக்கும் வயிறு தாங்குமா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

தகரக் கொட்டகை வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற பை தோளில் தொங்கியது. மேஸ்திரியின் மனைவி. அந்த சைட்டிலேயே சித்தாளாக இருக்கிறார். புருஷன் விழுந்த கட்டடத்திலேயே புருஷன் வைத்தியத்துக்குக் கல் சுமக்கிறார்.

“நீங்க யாரு ஆளு?” என்றார் அவர்.

பொய் சொல்லியிருக்கலாம். குண்டுவின் நாக்கு நுனியில் மூன்று பொய்கள் தயாராக இருந்தன. ஆனால் ரசமட்டம் நேராகவே சொன்னார். “காண்ட்ராக்டரோட வக்கீல் அனுப்பின ஆளு.”

“அப்ப எங்கிட்ட பேச ஒண்ணுமில்ல.”

“ஒரே கேள்விம்மா. கூரைக்குக் கான்கிரீட் போட்ட அன்னைக்கும் பன்னெண்டுக்குத்தான் சாப்பிட்டீங்களா?”

அந்தப் பெண் ரசமட்டத்தை ஏற இறங்கப் பார்த்தார். இதில் என்ன சூது இருக்கும் என்று தேடுகிற பார்வை. சூது தென்படவில்லை போலிருக்கிறது.

“அன்னைக்கு யாரு உக்காந்து சாப்பிடுறது? கொட்ட ஆரம்பிச்சா முடியிற வரைக்கும் நிறுத்தக் கூடாதுங்க. நடுவுல விட்டா பழசு இறுகிப்போயி புதுசு ஒட்டாது, அந்த இடத்துலயே வெடிக்கும். பொட்டலம் வந்துச்சு. நாலு நாலு பேரா படிக்கட்டுல நின்னபடியே தின்னுட்டு மேல ஓடினாங்க. இதுகூடத் தெரியாத வக்கீலா உங்க வக்கீலு?”

குண்டு விசிறுவதை நிறுத்தினான். டைரியில் மூன்றாம் தேதி, கூரை போட்டதாக எழுதியிருந்த அதே நாளில், மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை உணவு இடைவேளை என்று மணிமணியான எழுத்தில் இருந்தது.

“போதும்ல? கிளம்புங்க,” என்று சொல்லி அந்தப் பெண் கதவைச் சாத்தப் போனார். கதவு நகரவில்லை. காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அடியில் ஒரு கல் அண்டை கொடுத்திருந்தது. சாணுக்கும் குறைவான சதுரக் கட்டி, ஆறு பக்கமும் ஒரே அளவு. அவர் அதைக் காலால் தள்ளக் குனிய, ரசமட்டம் அதற்கு முன் தரையில் மண்டியிட்டிருந்தார்.

“இது எங்கேர்ந்து வந்துச்சும்மா?”

“சோதனைக்கட்டிங்க. கூரை போடுற அன்னைக்கு அதே கலவையில ஆறு கட்டி வார்த்து வெப்பாங்க, பலம் பார்க்க. மூணு பரிசோதனைக்குப் போச்சு. மீதியை அவரே சம்மட்டியால உடைக்கச் சொன்னாரு காண்ட்ராக்டரு. கதவு அடிச்சுக்கிட்டே இருக்கேன்னு நான் ஒண்ணை முன்னாடியே எடுத்து வெச்சிருந்தேன்.”

ரசமட்டம் கல்லைப் புரட்டினார். தரையோடு ஒட்டியிருந்த பக்கத்தில், கலவை ஈரமாக இருந்தபோதே ஆணியால் கீறிய எழுத்து. மாடி 3. அதன் கீழே 10.

மூன்றாம் மாடிக்குக் கூரை ஒரு தடவைதான் போட்டார்கள். இறுகிப்போன கான்கிரீட்டில் யாரும் அப்புறம் வந்து ஆணியால் எழுத முடியாது.

“யார் கீறினது?”

“எங்க வீட்டுக்காரருதான். அவரு கீறாம எந்தக் கட்டியும் ஊறப்போடுற தொட்டிக்குப் போகாது.” அவர் விரலால் அந்த எழுத்தைத் தடவினார். “எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. அதுல என்ன இருக்கு?”

ரசமட்டம் கல்லைத் தரையில் வைத்தார். குண்டுவுக்கு அவர் தவிப்பு புரிந்தது. கூலி வாங்கியது காண்ட்ராக்டரின் வக்கீலிடம். கண்டுபிடித்தது மேஸ்திரியின் உயிர்.

“உங்க வீட்டுக்காரர் சொன்ன தேதி இருக்கு,” என்றார் கடைசியில். “கல்லு உங்களோடது. நான் எடுத்துக்கிட்டுப் போக மாட்டேன். ஆனா இனிமே இது கதவுகிட்ட இருக்க வேண்டாம், அவர் கட்டிலுக்கு அடியில இருக்கட்டும். ஆஸ்பத்திரிக்குத்தானே கிளம்பினீங்க? ஆட்டோ இருக்கு, ஏறுங்க.”

எட்டுக் கிலோ இருக்கும் அந்தக் கட்டியைக் குண்டு மடியில் வைத்துக்கொண்டு வந்தான். ஆஸ்பத்திரி வாசலில் அந்தப் பெண் அதைப் பையில் போட்டு, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பிப் பார்க்கவே இல்லை. நம்பிக்கை இன்னும் வரவில்லை போலும். வரவேண்டிய அவசியமும் இல்லை என்று குண்டு நினைத்துக்கொண்டான்.

ஆட்டோ வக்கீல் அலுவலகத்துக்குத் திரும்பியது.

“மேடம், ஒண்ணு சொல்லட்டுமா? டைரியை ஜோடிச்சவனுக்கு சைட்டே தெரியாது. சைட்ல பன்னெண்டுக்குச் சாப்பிடுறாங்க, கூரை அன்னைக்கு உக்காரவே மாட்டாங்க. ஒரு மணிக்கு மணி அடிச்ச மாதிரி யார் எழுந்திரிப்பாங்க தெரியுமா? கோர்ட்டுல. பதினோரு வருஷம் பார்த்திருக்கேன். ஜட்ஜ் எழுந்தா ஒண்ணு, உக்காந்தா ரெண்டு.”

“அதனால?”

“அதனால நமக்கு வேலை குடுத்தவரே அந்த வேலையைச் செஞ்சிருக்கார். வக்கீல் சொல்லச் சொல்லக் காண்ட்ராக்டர் எழுதியிருக்கார். நம்ம கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி.”

“இருக்கலாம்,” என்றார் ரசமட்டம். அது குண்டுவுக்கு இன்னும் கலக்கமாக இருந்தது. இவ்வளவு நேரம் எதிர்க்கட்சியையும் காண்ட்ராக்டரையும் சந்தேகப்பட்டது வேறு. இப்போது நேரே அந்த ஆளின் அறைக்குள்ளேயே போய் உட்காரப் போகிறார்கள்.

அவர்கள் படியேறும்போது மணி ஒன்று. குமாஸ்தா அப்போதுதான் பேனாவை மூடி, கோப்பைக் கட்டி, மேஜை மேல் ஒரு துணியை விரித்து டிபன் கேரியரைத் திறந்தார். எல்லாம் ஒரே வீச்சில் நடந்தது, முப்பது வருஷப் பழக்கம். சுவரோர நாற்காலியில் காண்ட்ராக்டர் உட்கார்ந்திருந்தார். தங்கப் பிரேம் கண்ணாடி, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் நாலு பேனா. இவர்களைப் பார்த்ததும் எழுந்து சிரித்தார்.

“கையெழுத்துப் போட்டாச்சா மேடம்?”

“உள்ள பேசிட்டு வர்றேன்,” என்றார் ரசமட்டம்.

“இடைவேளை,” என்றார் குமாஸ்தா, வாயில் கவளத்தோடு. “ரெண்டு மணிக்குத்தான் ஐயா பார்ப்பாரு.”

குண்டு பெஞ்சில் உட்கார்ந்தான். வயிறு முறையிட்டது. அடுத்தவர் சாப்பிடுவதைப் பார்க்கிற பாவத்திலிருந்து தப்பிக்கக் காலையிலிருந்து விசிறியாக வைத்திருந்த மஞ்சள் புத்தகத்தை முதல் முறையாகத் திறந்தான். ‘கட்டட வழக்குகள்: வழக்காடும் வக்கீல்களுக்குச் சில பாடங்கள்.’ எழுதியவர் உள்ளே இருக்கிற வக்கீல்தான். பாடம் ஒன்று, பாடம் இரண்டு. பதினாலாம் பக்கத்தில் கை நின்றது.

அங்கே கட்டம் போட்டு ஒரு மாதிரிப் பக்கம் அச்சாகியிருந்தது. நல்ல சைட் டைரி எப்படி இருக்க வேண்டும். ஆட்கள் 32. வானிலை: மேகமூட்டம், மழை இல்லை. காலை 8 வேலை தொடக்கம். மதியம் 1 – 2 உணவு இடைவேளை. மாலை 6 வேலை முடிவு.

அவன் வாயைத் திறக்காமல் புத்தகத்தை ரசமட்டத்தின் மடியில் வைத்தான். அவர் படித்தார். எழுந்து, இடைவேளையைப் பொருட்படுத்தாமல், உள்ளே போனார். குண்டுவும் பின்னாலேயே போனான்.

வக்கீல் பாதிச் சாப்பாட்டில் இருந்தார். ரசமட்டம் டைரியையும் புத்தகத்தையும் அருகருகே வைத்தார். சைட்டில் கேட்டதைச் சொன்னார். ஆணியால் கீறிய பத்தைச் சொன்னார். கல் இப்போது எங்கே இருக்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை.

குண்டு வக்கீலின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். திருடன் அகப்பட்டால் முகம் ஒரு விதமாகப் போகும், அதைக் கோர்ட்டு வராந்தாவில் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறான். இந்த முகம் அப்படிப் போகவில்லை. சொந்தப் பிள்ளையைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனதாகக் கேட்ட தகப்பன் முகமாக இருந்தது. அவன் சந்தேகம் அந்த நிமிஷத்தில் அசைந்தது.

“முதல் நாள் அவர் வந்தப்ப நான் என்ன கேட்டேன் தெரியுமா?” என்றார் வக்கீல், மெதுவாக. “உங்ககிட்ட என்ன இருக்குன்னு கேட்கலை. நல்ல டைரி இருந்தா ஜெயிக்கலாம், இந்தப் புத்தகத்துல இருக்கிற மாதிரி இருக்கணும்னு சொன்னேன். ஒரு வாரத்துல கொண்டு வந்தார். நான் சந்தோஷப்பட்டேன்.”

“முப்பது நாளும் அதே மேகமூட்டம். நீங்க கவனிக்கலை?”

“எதிர்க்கட்சி சாட்சியை மூணு மணி நேரம் நிக்க வெச்சுக் கேள்வி கேட்பேன் மேடம். என் கட்சிக்காரரை ஒரு கேள்வி கேட்டதில்லை.”

“அந்தப் பாடம் உங்க புத்தகத்துல இல்ல,” என்றார் ரசமட்டம். “இன்னும் நேரம் இருக்கு. கேளுங்க.”

வக்கீல் கையைக் கழுவினார். மேல்துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டார். காண்ட்ராக்டரைக் கூப்பிட்டு எதிரே உட்காரச் சொன்னார். டைரி மூடியிருந்தது.

“நாளைக்கு எதிர்க்கட்சி வக்கீல் உங்களை மடக்கப் பார்ப்பார். ஒத்திகை பார்த்துக்கலாம். உங்களுக்கு சைட் அனுபவமே இல்ல, வீட்டுல உக்காந்து வேலை வாங்குறவர்ங்கறாங்க. கூரை போட்ட அன்னைக்கு நீங்க அங்க இருந்தீங்களா?”

“என்ன சார் கேள்வி? விடியறதுக்கு முன்னாடியே மேல நின்னவன் நான்.”

“இருந்தீங்கன்னு நடுவர் எப்படி நம்புவார்? எங்க உக்காந்து சாப்பிட்டீங்க?”

காண்ட்ராக்டர் சிரித்தார். தொழில் தெரியாதவரைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. “கூரை அன்னைக்கு எவனாவது உக்காருவானா சார்? முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன், கான்கிரீட் போடுற அன்னைக்கு ஒரு நிமிஷம் வேலையை நிறுத்தவிட்டதில்ல. நிறுத்தினா கூரை நாசம். பொட்டலத்தைக் கையில வெச்சுக்கிட்டே நின்னேன். யாரை வேணும்னாலும் கேளுங்க.”

வக்கீல் டைரியைத் திறந்து மூன்றாம் தேதிப் பக்கத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தார். விரலை ஒரு வரியின் கீழே வைத்தார். பிறகு மஞ்சள் புத்தகத்தைத் திறந்து பக்கத்தில் வைத்தார்.

காண்ட்ராக்டர் படித்தார். சிரிப்பு உதட்டில் அப்படியே இருந்தது, கண்ணிலிருந்து மட்டும் போய்விட்டது. “ஒரு சாப்பாட்டு நேரம் சார் இது. தூக்கக் கலக்கத்துல எழுதினது. இதை வெச்சு என்ன பண்ண முடியும்?”

“முட்டை ஏன் ஏழு நாள்ல பிரிக்கச் சொன்னீங்க?” என்று கேட்டார் ரசமட்டம்.

“எவன் சொன்னது ஏழு நாள்னு?”

“ஒரு சோதனைக்கட்டி.”

காண்ட்ராக்டரின் கை சட்டைப் பைக்குப் போனது. போனை எடுத்தார். “கொட்டகையைக் காலி பண்ணு, இப்பவே,” என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே எழுந்தார்.

“கதவுக்கு அண்டை குடுத்திருந்த கல்லைத் தேடுறீங்கன்னா அது அங்க இல்ல சார்,” என்றான் குண்டு. “நான்தான் தூக்கிட்டுப் போனேன், தொடை இன்னும் வலிக்குது. மேஸ்திரி கட்டிலுக்கு அடியில இருக்கு. அவர் கையால கீறினது அவர்கிட்டயே போயிருச்சு.”

காண்ட்ராக்டர் வக்கீலைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மிரட்டலும் இருந்தது, கெஞ்சலும் இருந்தது. “அடுத்த சைட்டுக்கு முட்டு வேணும்னு அவசரம் சார். எல்லாரும் பண்றதுதான். நீங்க என் வக்கீல்.”

“இப்ப வரைக்கும்,” என்றார் வக்கீல். “இந்த டைரியை நான் நடுவர் முன்னாடி வைக்க மாட்டேன். வேற வக்கீலைப் பாருங்க. அதுக்கு முன்னாடி, அந்தப் போலீஸ் புகாரை நீங்களே வாபஸ் வாங்குறது உங்களுக்கு நல்லது. கட்டிலுக்கு அடியில இருக்கிறது டைரி இல்ல, திரும்ப எழுதுறதுக்கு.”

காண்ட்ராக்டர் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார். வெளி அறையில் டிபன் கேரியர் ஒன்று அதிர்ந்து அடங்கியது.

“மேஸ்திரிக்கு வக்கீல் இருக்காரா?” என்று கேட்டார் வக்கீல்.

“இல்ல.”

“நான் நிக்க முடியாது, நியாயமில்ல. நிக்கக்கூடிய ஒருத்தர் இருக்கார், காசு பார்க்காதவர்.” ஒரு சீட்டில் எழுதி நீட்டினார். ரசமட்டம் அதை வாங்கி, படித்து, நாலாக மடித்துப் பத்திரப்படுத்திக்கொண்டார். வக்கீலைப் பற்றிய சந்தேகத்தைக் குண்டு அப்போதுதான் முழுசாக இறக்கி வைத்தான். அது அந்தக் கட்டியைவிடக் கனமாகத்தான் இருந்தது.

வக்கீல் மணியை அழுத்தினார். குமாஸ்தா வாயைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

“வெளிய இருக்கிற மஞ்சள் புத்தகம் அத்தனையையும் உள்ள கொண்டு வாங்க. பதினாலாம் பக்கத்தைக் கிழிக்கணும்.”

குமாஸ்தா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “மணி ஒண்ணு நாப்பதுதான் ஆகுது ஐயா. இடைவேளை.”

“இன்னைக்கு நமக்கு இடைவேளை கிடையாது,” என்றார் வக்கீல்.